செகண்ட் ஹேண்ட் காரில் பிரேக் டிஸ்க் துரு: வாரண்டி கேட்கும் முன் செய்ய வேண்டியவை

மும்பையில் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிய பலருக்கு முதல் மழைக்காலத்திலேயே வரும் தொல்லை இது: சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பிரேக் டிஸ்க் என்ற இரும்புத் தட்டு துருப்பிடித்துவிடும். பிரேக் மிதித்தால் பெடல் துடிக்கும், ஒரு சக்கரத்திலிருந்து கரகரவென்று சத்தம் வரும். விற்ற கம்பெனியில் போய்ச் சொன்னால், "டிஸ்க் தேய்மானப் பொருள் சார், வாரண்டியில் வராது" என்பார்கள். செம்பூரில் எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது. கடைசியில் செலவை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு என்னென்ன செய்தேன் என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். ஸ்டெப்னி மாற்றத் தெரிந்தவர்கள் யாரும் இதைச் செய்யலாம்.

முதலில், எந்தத் துரு என்று பாருங்கள்

டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. ஒரு ராத்திரி மழையில் நனைந்தாலே காலையில் செம்மஞ்சள் படிந்திருக்கும். நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேட் அதை வழித்துவிடும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம், வாரண்டியும் கேட்க வேண்டாம். ஒரு வாரம் ஓட்டிய பிறகும் போகாத குழிகள், செதில் செதிலாக உரியும் துரு, வட்டம் முழுக்க ஓடும் அகலமான துருப் பட்டை, இவைதான் கேட்க வேண்டிய விஷயம்.

இரண்டாவது, உள்பக்கத்தைப் பாருங்கள்

இங்கேதான் பலரும் நின்றுபோகிறார்கள். அலாய் வீல் இடுக்கு வழியாகத் தெரிவது டிஸ்க்கின் வெளிப்பக்கம் மட்டும். என் காரில் அது கண்ணாடி மாதிரி பளபளத்தது. சர்வீஸ் அட்வைசரும் அதைக் காட்டித்தான் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றார்.

சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையோ தலையோ விடாதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டு, போன் டார்ச்சை டிஸ்க்கின் பின்னால் அடித்துப் பாருங்கள். இப்படிப் பார்த்தபோது இடது சக்கரத்தின் உள்முகத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் துருப் பட்டை இருந்தது, நகத்தால் தடவினால் குழி தட்டுப்பட்டது. வலது சக்கரத்தில் இரண்டு முகமும் சுத்தம்.

நம் வாதம் நிற்பதே இந்த வித்தியாசத்தில்தான். இரண்டு சக்கரமும் ஒரே உப்புக் காற்றில் நின்றவை, ஒரே கிலோமீட்டர் ஓடியவை. காற்றோ தேய்மானமோ காரணமென்றால் இரண்டிலும் தெரிய வேண்டும். ஒரு முகத்தில் மட்டும் துரு என்றால் அந்தப் பக்கத்து பேட் டிஸ்க்கைச் சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம். உள்முகம் துருப்பிடித்து வெளிமுகம் சுத்தமாக இருந்தால், பெரும்பாலும் உள் பேட், கேலிப்பரை (பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) தாங்கும் பிராக்கெட்டில் சிக்கியிருக்கும். வெளிமுகம் மட்டும் துருப்பிடித்திருந்தால் ஸ்லைடு பின் (கேலிப்பர் நகர உதவும் கம்பி) இறுகிப்போயிருக்கலாம். இரண்டிலும் கோளாறு கேலிப்பரில்தான், டிஸ்க் பாதிக்கப்பட்ட பொருள் மட்டுமே.

நான்கு முகங்களையும் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். ஓடோமீட்டரையும் எடுங்கள். கேலிப்பரை மட்டும் நீங்களோ தெரு மெக்கானிக்கோ பிரிக்கக் கூடாது. வெளியில் பிரித்தார்கள் என்று சொல்லியே வாரண்டியை மறுப்பார்கள்.

மூன்றாவது, தடிமன்

டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். இதை வெர்னியரால் அளக்காதீர்கள். டிஸ்க்கின் ஓரத்தில் பேட் படாத இடத்தில் ஒரு துரு வரம்பு மேடாக நிற்கும். வெர்னியரின் வாய் அந்த மேட்டில் உட்கார்ந்து, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். வரம்பைத் தாண்டி உள்ளே தொடக்கூடிய மைக்ரோமீட்டர்தான் வேண்டும். மலிவான டிஜிட்டல் வெர்னியருக்குக் காசைக் கொட்டுவதைவிட, தெரிந்த லேத் பட்டறையில் மைக்ரோமீட்டரை இரவல் கேட்கலாம்.

தடிமன் குறைந்தபட்சத்துக்கு மேலே இருந்தால் உங்களுக்கு லாபம். தேய்ந்து தீராத டிஸ்க்கைத் தேய்மானம் என்று சொல்ல முடியாதே.

நான்காவது, கேட்கும் விதம்

வாரண்டித் தாளில் விலக்குப் பட்டியலோடு நிறுத்தாமல், எந்தெந்தப் பாகங்கள் சேரும் என்ற பட்டியலையும் படியுங்கள். பேட், டிஸ்க் விலக்கில் இருக்கும். பல தாள்களில் கேலிப்பரும் மாஸ்டர் சிலிண்டரும் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்தும் பாகம்) சேரும் பட்டியலில் இருக்கும். அப்படியிருந்தால் "டிஸ்க் மாற்றித் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். "கேலிப்பர் சரியாக இயங்கவில்லை, அதனால் டிஸ்க் கெட்டது, இரண்டையும் சரிசெய்து தாருங்கள்" என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் பேசுவது எதற்கும் ஆதாரம் ஆகாது.

அவர்கள் சொல்லும் சர்வீஸ் சென்டரில் கேலிப்பரைப் பிரிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். என் காரில் உள் பேட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித்தான் வெளியே எடுத்தார்கள். அதை வீடியோ எடுத்துக்கொண்டேன். ஜாப் கார்டில் (செய்யும் வேலையை சர்வீஸ் சென்டர் எழுதும் தாள்) "பிரேக் சத்தம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள், விடாதீர்கள். "உள் பேட் பிராக்கெட்டில் சிக்கியிருந்தது" என்று எழுத வைத்து ஒரு பிரதி வாங்குங்கள். கழற்றிய பாகங்களையும் முடிவு தெரியும்வரை கேட்டு வாங்கி வைத்திருங்கள்.

அப்புறமும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். காருக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். எனக்கு அந்த மின்னஞ்சலும் ஜாப் கார்டுமே போதுமானதாக இருந்தன.

பிறகு சேர்த்தது

நவி மும்பையிலிருந்து ஒருவர், பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிய காருக்கு இது செல்லுமா என்று கேட்டிருந்தார். செல்லாது. வியாபாரமாக விற்காத தனிநபரை நுகர்வோர் ஆணையத்துக்கு இழுக்க முடியாது. அப்படி வாங்குவதானால், பணம் கொடுக்கும் முன்பே சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்.

இன்னொருவர் டிஸ்க்கில் துரு நீக்கும் ஸ்பிரே அடித்துவிட்டு பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தார். தயவுசெய்து காரை ஓட்டாதீர்கள். அந்த வகை ஸ்பிரேயில் பெரும்பாலும் எண்ணெய் இருக்கும். டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடையுங்கள், எண்ணெய் ஊறிய பேட்டை மாற்றிவிடுங்கள். ஸ்லைடு பின்னுக்கு சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும், சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உறை உப்பிவிடும். சொசைட்டியில் கார் கழுவுகிறவர் சக்கரத்தில் தண்ணீர் அடித்துவிட்டுப் போனால், அப்படியே நிறுத்திவைக்காமல் ஒரு சுற்று ஓட்டி, நாலு தடவை பிரேக் பிடித்துவிட்டு நிறுத்துங்கள்.