சோக்கை இழுப்பதற்கு முன்னும் சாவியைத் திருப்பிய பின்னும்

பெங்களூருவின் அல்சூர், ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன் பக்கம் தெருவுக்கு ஒரு பழைய வண்டியாவது துணி போர்த்திக்கொண்டு நிற்கும். அம்பாசடரோ, ஃபியட் 1100-ஓ, ஸ்டாண்டர்டு ஹெரால்டோ. ஞாயிற்றுக்கிழமை காலையில் உரிமையாளர் வந்து துணியை விலக்கி, ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிட்டுப் போவார். வண்டியை உயிரோடு வைத்திருப்பதாக நினைப்பு. உண்மையில் இன்ஜினைத் தின்பதே அந்த ஐந்து நிமிடம்தான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். இன்ஜின் சூடாக இருந்தால் அது சைலன்சர் வழியாகப் போய்விடும். ஆறிய இன்ஜினில் சைலன்சருக்குள்ளும் ஆயில் சம்ப்பிலும் (இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) நீராகத் தங்கும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் உள்பக்கம் மோர் போல வெளிறிய பசை ஒட்டியிருக்குமே, அது இதுதான். பேட்டரிக்கும் லாபமில்லை. டைனமோ வைத்த வண்டி ஸ்லோ ஸ்பீடில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காத ஓட்டத்தில், சார்ஜே ஏற்றாது. இக்னிஷன் விளக்கு மினுக்கிக்கொண்டிருப்பதே அதற்குச் சாட்சி. செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) இழுத்த கரண்டு திரும்பி வராது. ஆகவே 15 கிலோமீட்டராவது ஓட்டப் போகிறீர்கள் என்றால் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். இல்லையென்றால் தொடாமல் விடுங்கள்.

பானெட்டைத் திறந்து

முதலில் மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் சாவியைத் தொடவே கூடாது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் (உள்ளே இருக்கும் சவ்வு) அது ஊறவைத்து விரிசல் விடச் செய்யும். ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள். மேலே மயிரிழை மாதிரி வெடிப்பு தெரிந்தால் உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டுக்குப் போய் எத்தனால் தாங்கும் ஃப்யூயல் ஹோஸ் என்று கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள். சாதாரண ரப்பர் குழாயைக் கொடுத்து அனுப்பும் கடைகளும் உண்டு. ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ஆயில் கம்பியைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். அளவு மட்டுமல்ல, வாடையும் முக்கியம். பெட்ரோல் வாடை அடித்து, போன தடவையைவிட மட்டம் ஏறியிருந்தால் பம்ப் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். 20டபிள்யூ-50 கனிம ஆயில் இந்த இன்ஜின்களுக்குச் சரி. ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள். இந்த ஊர் போர்வெல் நீரின் உப்பு இரண்டே வருடத்தில் குழாய்களில் காரையாகப் படிந்துவிடும். டிஸ்டில்டு வாட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூலண்ட் போதும். பிரேக் பெடலை ஒரு முறை அழுத்துங்கள். ஸ்டார்ட் ஆனபின் பிரேக் இல்லை என்று தெரிந்து பயனில்லை.

எஸ்.யூ. கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கருவி; எஸ்.யூ. அதன் தயாரிப்புப் பெயர்) வைத்த அம்பாசடர், மாரிஸ் வண்டிகளில் இன்னொன்று உண்டு. பெரும்பாலானோர் இதை மறந்துவிடுவார்கள். கார்புரேட்டரின் மணி போன்ற தலையில் ஒரு சின்னத் திருகு மூடி இருக்கும். கழற்றித் தூக்கினால் மெல்லிய கம்பியும் அதன் நுனியில் பித்தளைக் குண்டும் வரும். அந்தக் குழிக்குள் இன்ஜின் ஆயிலே ஊற்றலாம். கம்பியைத் திரும்ப இறக்கும்போது, மூடி உட்கார இன்னும் 6 மில்லிமீட்டர் இருக்கையில் விரலுக்கு ஒரு எதிர்ப்பு தட்ட வேண்டும். தட்டாவிட்டால் ஆயில் போதாது. ஆயில் இல்லாமல் ஓட்டினால் ஆக்ஸிலேட்டர் மிதித்ததும் உள்ளே இருக்கும் பிஸ்டன் சட்டென்று எகிறும், காற்று கூடிப்போகும், வண்டி ஒரு கணம் தயங்கி இருமும். இதைப் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்டைத் துண்டித்து ஸ்பார்க் வரவைக்கும் தொடுமுனை) கோளாறு என்று நினைத்து டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றியவர்கள் உண்டு.

ஸ்டார்ட்

ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை ஆட்டி நியூட்ரல்தானா என்று உறுதி செய்யுங்கள். ஸ்டியரிங் ஓரம் கை கியர் வைத்த வண்டிகளில் லிங்க் தேய்ந்து, நியூட்ரல் மாதிரி ஆடும், ஆனால் உள்ளே கியர் விழுந்திருக்கும். சந்தேகம் இருந்தால் மட்டும் கிளட்சை மிதியுங்கள். ஆயில் இன்னும் ஏறாத நேரத்தில் கிளட்ச் மிதித்தால் கிராங்க் தண்டு முன்பின் நகராமல் தாங்கும் திரஸ்ட் வாஷர் உலர்ந்தபடியே உரசும். பெங்களூரு குளிரில் கியர் ஆயில் உறைந்துவிடாது, நியூட்ரலே போதும்.

எலெக்ட்ரிக் பம்ப் வைத்த வண்டியில் சாவியைப் போட்டதும் டக் டக் டக் என்று வேகமாக அடிக்கும், பிறகு மெதுவாகி நிற்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் கிண்ணம் நிறைந்துவிட்டது என்று பொருள். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் ஒன்று டேங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது ஊசி வால்வு மூடாமல் வழிகிறது. மெக்கானிக்கல் பம்ப்பில் கையால் அடிக்கும் லீவர் இருந்தால் பத்துப் பன்னிரண்டு முறை அடியுங்கள். இரண்டு வாரம் நின்ற வண்டியில் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். அதை நிரப்பும் வேலையைச் செல்ஃபிடம் விட்டால் பேட்டரிதான் அழும்.

இனி சோக், ஆறிய இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தூக்கலாகத் தரும் இழுப்புக் குமிழ். டிசம்பர், ஜனவரி காலையில் இங்கே 15 டிகிரிக்கு இறங்கும்போது முழுதாக இழுக்கலாம். ஏப்ரல் மதியத்தில் பாதி போதும், சில நாள் அதுவும் வேண்டாம். சென்னையில் பழகியவர்கள் கவனிக்க: இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் கலவை இயல்பிலேயே பெட்ரோல் தூக்கலாக இருக்கும். அங்கே ஒரு நிமிடம் வைக்கும் சோக்கை இங்கே அரை நிமிடத்தில் பாதி தள்ளலாம்.

எஸ்.யூ.வில் ஆக்ஸிலேட்டர் பம்ப் கிடையாது. ஸ்டார்ட் செய்யும் முன் பெடலை எத்தனை முறை மிதித்தாலும் ஒரு துளிப் பெட்ரோல் இறங்காது, கால்தான் வலிக்கும். ஃபியட்டின் சோலெக்ஸ் போலப் பம்ப் உள்ள கார்புரேட்டரில் இரண்டு மிதி உதவும், ஐந்து மிதி பிளக்கை நனைத்துவிடும்.

செல்ஃபை ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். இன்ஜின் பிடிக்கவில்லையென்றால் இருபது விநாடி விட்டு மறுபடி. இன்ஜின் முழுதாக நிற்காமல் மறுபடி அழுத்தினால் செல்ஃபின் பெண்டிக்ஸ் பல் ஃப்ளைவீலில் மோதும். அந்தக் கரகர சத்தம் ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும். மூன்று தடவை முயன்றும் எடுக்கவில்லையா, போதும். ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் ஸ்பார்க் இல்லை, அல்லது ஓவர்ஃப்ளோ. ஓவர்ஃப்ளோ என்றால் சோக்கை முழுதாகத் தள்ளிவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் கொடுங்கள். மிதித்து மிதித்து விடக் கூடாது, ஒரே பிடி. ஸ்பார்க் இல்லையென்றால் பாயிண்ட் இடைவெளியைப் பாருங்கள்; அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினுக்கு 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிளக்குக்கு 25 தௌ.

கிராங்க் ஹேண்டில் போடுவதானால் பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், கம்பியைச் சுற்றிப் பிடிக்காதீர்கள். கீழிருந்து மேலே மட்டும் இழுக்க வேண்டும், மேலிருந்து அழுத்தக் கூடாது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வண்டிகளில் ஸ்டியரிங்கில் உள்ள இக்னிஷன் லீவரை ரிடார்டு பக்கம், அதாவது ஸ்பார்க் தாமதமாக வரும் பக்கம், தள்ளியிருக்க வேண்டும். இன்ஜின் பின்னுக்கு உதைத்தால் ஹேண்டில் விரல்களிலிருந்து நழுவிப் போகும்; பெருவிரல் சுற்றியிருந்தால் மணிக்கட்டு முறியும். 1912-ல் கேடிலாக் எலெக்ட்ரிக் செல்ஃபைக் கொண்டுவந்ததும், கை உடைக்கும் இந்த வேலையிலிருந்து ஆட்களைக் காப்பாற்றத்தான். பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்கும் முன் எந்த முனை எர்த் என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும்.

மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் கதை வேறு. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு, முதலில் ஹேண்டிலால் இரண்டு சுற்று சுற்றுங்கள். இறுக்கம் இல்லையென்றால் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமலே செல்ஃப் கொடுங்கள். ஆயில் கேஜ் முள் ஏறிய பின்பே பிளக்கை மாட்டுங்கள்.

முதல் சில நிமிடம்

இன்ஜின் பிடித்ததும் கண் போக வேண்டிய இடம் ஆயில் கேஜ். ஐந்து விநாடியில் முள் எழ வேண்டும். பத்து விநாடி ஆகியும் படுத்தே இருந்தால் உடனே நிறுத்துங்கள். சூடான அம்பாசடர் இன்ஜின் ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு பக்கம் காட்டும். ஆறிய நிலையில் அதைவிட ஏறி நிற்பது இயல்பு. உறுமவிட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் புகையை விட்டுக்கொண்டு நிற்கவும் வேண்டாம். அந்தக் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தலைசுற்றல்தான் முதல் அறிவிப்பு.

ஒரு நிமிடம் போதும், கிளம்பிவிடுங்கள். நின்று சூடாக்குவதைவிட மெதுவாக ஓடிச் சூடாவதே மேல். ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் சோக் முழுதும் உள்ளே போயிருக்க வேண்டும். வெளியே விட்டு மறந்தால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு சம்ப்புக்கு இறங்கும், ரிங் தேயும். சூடு முள் 70 டிகிரியைத் தாண்டும் வரை வண்டியை விரட்டாதீர்கள். முள் ஏறவே மாட்டேன் என்கிறதா? முன்பு யாரோ மெக்கானிக் ‘சூடாகாமல் இருக்கட்டும்’ என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றியிருப்பார். 82 டிகிரி தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள். ஓவர்ஹீட்டுக்குக் காரணம் அடைத்த ரேடியேட்டர். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் அது சரியாகாது.

நிறுத்துவது

பழைய மதராஸ் ரோட்டில் ஒசகோட்டை வரை போய்விட்டு டின் ஃபேக்டரி நெரிசலில் ஊர்ந்து வந்த வண்டியை வாசலில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பாதீர்கள். இன்ஜின் நின்றால் வாட்டர் பம்ப்பும் ஃபேனும் நின்றுவிடும். சிலிண்டர் ஹெட்டில் தேங்கிய சூடு அடுத்த சில நிமிடத்துக்கு ஏறிக்கொண்டே போகும். இந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீரே 97 டிகிரியில் கொதிக்கும். பிரஷர் மூடி இல்லாத பழைய வண்டிகளுக்கு விளிம்பு அவ்வளவு குறுகியது. ஒரு நிமிடம் ஸ்லோ ஸ்பீடில் ஓடட்டும்.

நிறுத்தும் முன் ஒரு தடவை ஆக்ஸிலேட்டரை ‘வ்ரூம்’ என்று மிதிப்பது பலருக்கு வழக்கம். அந்தப் பெட்ரோல் எரியாமல் சிலிண்டரில் தங்கி ஆயில் படலத்தைக் கழுவும். அடுத்த ஸ்டார்ட் உலர்ந்த சுவரில்.

சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் டொக் டொக்கென்று ஓடினால் உள்ளே கரி சிவந்து பற்றவைக்கிறது, அல்லது ஸ்லோ ஸ்பீடு அதிகம். பிரேக்கை மிதித்துக்கொண்டு நாலாவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள், அடங்கும். இதற்கு நேர் எதிரான தவறு, இன்ஜின் நின்றபின் இக்னிஷனை ஆனிலேயே விடுவது. பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வழியே கரண்டு ஓடிக்கொண்டே இருக்கும்; தொட்டால் கை சுடும், பிறகு காயில் போய்விடும்.

டீ குடித்துவிட்டு வந்து பத்து நிமிடத்தில் மறுபடி எடுக்க வேண்டியிருந்தால் சோக்கைத் தொடாதீர்கள். சூட்டில் கார்புரேட்டர் பெட்ரோல் பொங்கி வழிந்திருக்கும். ஆக்ஸிலேட்டரைப் பாதி அழுத்திப் பிடித்துச் செல்ஃப் கொடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கப் போகிறதா? பெட்ரோல் குழாயை மூடி, அல்லது எலெக்ட்ரிக் பம்ப் ஒயரைக் கழற்றி, கிண்ணம் வற்றி இன்ஜின் தானே நிற்கும் வரை ஓடவிட்டு, உடனே சாவியை அணையுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கிண்ணத்துக்குள் வெள்ளைப் பொடி கட்டும். பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். டயரில் காற்று ஐந்து பவுண்டு கூட்டுங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். மழைக்காலத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கிளட்ச் தட்டும் அப்படியே ஒட்டும், மாதம் இருமுறை பெடலை நாலைந்து தடவை மிதித்துவிட்டால் தப்பிக்கலாம். போர்வை பருத்தியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் தார்ப்பாய் அடியில் ஈரத்தைப் பூட்டிவைக்கும்.

எலி நுழையாமல் சைலன்சர் வாயில் துணி அடைப்பவர்கள், அதே துணியில் ஒரு துண்டைக் கிழித்துச் சாவி வளையத்தில் கட்டிவிடுங்கள். அடுத்த முறை சாவியை எடுக்கும்போது, பின்னால் போய் எதை உருவ வேண்டும் என்று கையே கேட்கும்.