பவுடர் போட்டாச்சு, குளோரின் எங்கே?

புதிதாக டேங்க் ஆபரேட்டர் வேலைக்கு வருபவர்களுக்குத் தண்ணீர்ச் சுத்திகரிப்பைச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. ஆள் மாறுகிறார்கள், தப்பு மாறுவதில்லை, எங்கள் காலத்தில் நாங்கள் செய்ததையேதான் இவர்களும் செய்கிறார்கள். தொட்டிக்கு மூடி போடுங்கள், ஒழுங்காகக் கழுவுங்கள் என்பதையெல்லாம் தொட்டிச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், அதனால் அதை விட்டுவிடுகிறேன். பஞ்சாயத்துத் தொட்டியோ அப்பார்ட்மென்ட் சம்ப்போ, வேலை தெரிந்ததாக நினைக்கிறவர்கள் செய்கிற தப்புகள்தான் இங்கே.

கலங்கல் தண்ணீரில் குளோரின் போடுவது

மழைக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறும். உடனே "இன்னைக்கு பிளீச்சிங் பவுடர் ஒரு கை கூடப் போடு" என்பார்கள். மண் துகளுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும், குளோரினோ அந்த அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். முதலில் படிகாரம் போட்டுத் தெளியவிட வேண்டும், அப்புறம் மணலில் வடிகட்ட வேண்டும், கடைசியில்தான் குளோரின். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 படி கலங்கல் 1 என்.டி.யு.வுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு) இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 5 வரை.

படிகாரத்திலும் கை அளவு கூடாது. வரிசையாக நான்கைந்து ஜாரில் அதே தண்ணீரை எடுத்து, ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு படிகாரக் கரைசல் விட்டு, வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கி, நிற்கவிட்டுப் பாருங்கள். எது குறைந்த அளவிலேயே நன்றாகத் தெளிகிறதோ அதுதான் அன்றைய அளவு. அதிகம் போட்டால் அதிகம் தெளியும் என்பது கிடையாது, பி.எச்.தான் இறங்கும், அதாவது தண்ணீர் அமிலத் தன்மைப் பக்கம் போகும்.

தெளிந்தால் நல்ல தண்ணீர் என்று நம்புவது

தேற்றாங்கொட்டையும் தெளியவைக்கும். காலராக் கிருமி தெளிந்த தண்ணீரிலும் இருக்கும்.

போட்டதைக் கணக்கு வைத்து, மிஞ்சியதைப் பார்க்காமல் விடுவது

இதைப் பற்றி எத்தனை தடவை கத்தினாலும் எனக்கு ஆறவில்லை.

பிளீச்சிங் பவுடர் புதிதாக இருக்கும்போது அதில் கிட்டத்தட்ட 33 சதவீதம் குளோரின் கிடைக்கும். 30,000 லிட்டர் தொட்டிக்கு, ஆயிரத்துக்கு 4 கிராம் வீதம் 120 கிராம் போட்டால், லிட்டருக்குச் சுமார் 1.3 மில்லிகிராம். காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் அந்த மூட்டை எங்கே இருக்கிறது? மோட்டார் ரூமில், வாய் திறந்தபடி, ஈரச் சுவரில் சாய்ந்து, போன மழைக்காலத்திலிருந்து. காற்றும் ஈரமும் வெளிச்சமும் பட்டுப் பவுடரின் சத்து இறங்கிக்கொண்டே போகும். 10 சதவீதத்துக்கு வந்துவிட்டால் அதே 120 கிராம் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம்தான் தரும். அதையும் போர் தண்ணீரில் உள்ள இரும்பு தின்றுவிட்டால் கிருமிக்கு என்ன மிஞ்சும்? இதில் 120 கிராமை அளப்பது பெரும்பாலும் தராசில்கூட இல்லை, ஒரு சிரட்டை, அவ்வளவுதான்.

ஓர் ஊரில் திருவிழா முடிந்த கையோடு கடைசித் தெருவில் வரிசையாக வயிற்றுப்போக்கு. போய்ப் பதிவேட்டைப் பார்த்தால் எஞ்சிய குளோரின் தினமும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். ஒரே பேனா, ஒரே சாய்வு, மறுநாள் தேதிக்கும் 0.5 எழுதியாகிவிட்டது. குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் பெட்டியில், குளோரின் இருந்தால் தண்ணீரை மஞ்சளாக்கும் ஆர்த்தோடோலிடின் பாட்டிலின் சீல்கூட உடைக்கவில்லை. "தினமும் பவுடர் போடுறேன் சார்" என்றார் ஆபரேட்டர். அது பொய்யில்லை, போட்டிருக்கிறார். தொட்டிக்குக் கீழே உள்ள குழாயில் லேசாக மஞ்சள் தெரிந்தது, கடைசித் தெருவில் நிறமே வரவில்லை. அங்கே தண்ணீர் மெதுவாக வருகிறதென்று வீட்டுக்கு வீடு குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தியிருந்தார்கள், பக்கத்திலேயே சாக்கடை. சப்ளையை நிறுத்தியதும் குழாயில் அழுத்தம் போய், குழியில் தேங்கியது உள்ளே இழுபடும். அதைச் சமாளிக்கத்தான் கடைசி வரை கொஞ்சம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்கிறோம்.

இது நம்மூர்ச் சோம்பல் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு வாக்கர்ட்டன் கதையைச் சொல்வேன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு சிறிய ஊர். 2000 மே மாதம் பெருமழையில் மாட்டுச் சாணத்திலிருந்த ஈ.கோலை ஓ157 என்ற குடல் கிருமி கிணற்றுக்குள் இறங்கியது. குளோரினைக் குறைவாகப் போட்டுவிட்டு, அளக்காமலேயே 0.5 என்றும் 0.75 என்றும் பதிவேட்டில் எழுதுவது அங்கே வழக்கமாக இருந்திருக்கிறது. 7 பேர் இறந்தார்கள், 2,300 பேர் அளவுக்கு நோயில் விழுந்தார்கள்.

அதனால் தயவுசெய்து தொட்டியடியில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். குளோரின் கலந்து அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீரைத் திறக்க வேண்டும், தினமும் ஆகக் கடைசிக் குழாயில் பார்க்க வேண்டும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும், நோய் பரவும் காலத்தில் 0.5. தொட்டியடியிலேயே இல்லையென்றால் பவுடர் செத்திருக்கிறது அல்லது தண்ணீர் தின்கிறது, தொட்டியடியில் இருந்து கடைசியில் இல்லையென்றால் குழாயில் கோளாறு. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே இரண்டு இடத்திலும் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்று. "மருந்து வாடை தூக்குதே, குறைச்சுப் போடுங்க" என்று ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். குறைப்பதற்கு முன்னால் அளந்து பாருங்கள். தண்ணீரில் அம்மோனியா இருந்தால், அதாவது சாக்கடை கலந்திருக்கலாம் என்றால், குளோரின் அதோடு சேர்ந்து குளோரமைன் ஆகும். மூக்கைத் துளைக்கிற வாடை பல நேரம் அதனுடையது, அதற்குக் கிருமியைக் கொல்லும் வேகம் மிகக் குறைவு. ஆர்த்தோடோலிடின் விட்டதும் பத்து விநாடிக்குள் வரும் மஞ்சள்தான் தனி குளோரின், அதாவது எதோடும் சேராமல் கிருமியைக் கொல்லத் தயாராக இருப்பது. நின்று நின்று மஞ்சள் கூடிக்கொண்டே போனால் அது சேர்ந்துபோன குளோரின். கால் மணி நேரம் கழித்துப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று எழுதுகிறவர்களும் உண்டு.

பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டுவது

அடியில் போய் உட்காரும். பக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, அப்புறம் முக்கால் பக்கெட்டுக்குக் கரைத்து, பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு கீழே தங்கும். மேலே தெளிந்ததை மட்டும், தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போதே ஊற்றுங்கள், தானாகக் கலந்துகொள்ளும். சுண்ணாம்பை உள்ளே விடாதீர்கள், பிறகு வால்வு அடைத்தது என்று நீங்கள்தான் பிரித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

பவுடர் மூட்டைக்குப் பக்கத்தில் ஆசிட் கேன்

கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு.

கொதிக்கவைத்தால் எல்லாம் போய்விடும் என்று சொல்வது

கிருமி போகும். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஆனால் புளோரைடும் நைட்ரேட்டும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் புளோரைடு இருப்பதால்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் கூட்டுக் குடிநீர்த் திட்டமாக அவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள். குளோரினும் இதற்கு ஒன்றும் செய்யாது. முதல் வேலையாக ஒரு தடவை லேபில் ரசாயனப் பரிசோதனை செய்து, உங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மினரல் வாட்டர் பாட்டிலில் சாம்பிள் அனுப்புவது

கிருமிப் பரிசோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும், அதில் குளோரினை முறிக்கிற சோடியம் தயோசல்பேட்டும் இருக்கணும். இல்லையென்றால் எஞ்சிய குளோரின் வழியெல்லாம் கிருமியைக் கொன்றுகொண்டே போகும், குழாயில் இருந்தது ரிசல்ட்டில் வராது. லேபிலேயே கேட்டால் பாட்டில் தருவார்கள். ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்துவைத்துத் திங்கட்கிழமை கொடுப்பதாக இருந்தால் எடுக்கவே வேண்டாம், திங்கட்கிழமை காலையில் எடுத்துக்கொள்ளுங்கள்.