மொழிபெயர்ப்பில் குறளைப் படிக்கும் முறை

திருக்குறளை வேற்றுமொழியில் படிப்பவர், குறள் எண்ணைக் கொண்டு மூலத்தை எடுத்து, முதலில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். 844ஆம் குறளை எடுத்துக்கொள்வோம்: ‘வெண்மை எனப்படுவ தியாதெனின் ஒண்மை உடையம்யாம் என்னும் செருக்கு.’ இங்கே வெண்மை என்பது நிறமன்று, அறிவு முதிராத நிலை. ஒண்மை என்பது ஒளி பொருந்திய அறிவு. வெளுப்பையே ஒளியென்று எண்ணிச் செருக்குபவனை வள்ளுவர் எதுகையாலேயே இடித்துக்காட்டுகிறார். ‘அறியாமை’ என்ற பொருளில் ஒற்றைச் சொல்லை இட்டு நிரப்பும் மொழிபெயர்ப்பில் எதுகையோடு அந்தக் குத்தலும் போய்விடுகிறது.

அடுத்து, அதிகாரத் தலைப்புகளை ஒப்பிட வேண்டும். பேதைமை (84) கேட்டைக் கைக்கொண்டு ஊதியத்தை விட்டுவிடுவது. புல்லறிவாண்மை (85) அற்ப அறிவோடு தன்னைப் பேரறிவினனாக மதிப்பது. இரண்டுக்கும் ஒரே சொல் நின்றால் பரிமேலழகர் உரையைப் பார்ப்பது நல்லது. இரு மொழிபெயர்ப்புகள் முரண்படும் இடங்களைப் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டு, அங்கிருந்தே உரையைத் தொடங்குவது என் வழக்கம்.