ஊடுபால் குழந்தை பிறந்தால் செய்யக் கூடாதவை

"என்ன குழந்தை?" பிரசவ அறைக் கதவு திறந்ததும் வெளியே நிற்பவர்கள் கேட்பது இதைத்தான். பல வருஷமாகப் பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். சில தடவை என்னால் அதற்கு உடனே பதில் சொல்ல முடிந்ததில்லை. குழந்தை நன்றாக அழுகிறது, பாலுக்கு வாயைக் குவிக்கிறது. பிறப்புறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று மட்டும் சொல்ல முடியவில்லை. குரோமோசோமோ சுரப்பியோ உறுப்போ ஆண், பெண் என்ற வழக்கமான அமைப்புக்குள் அடங்காமல் பிறப்பதைத்தான் ஊடுபால் (இன்டர்செக்ஸ்) என்கிறோம். இப்படிப் பிறப்பவர்களும் அதில் சேர்த்தி.

அந்த நேரத்தில் நடக்கும் முதல் தவறு, ஊகித்துச் சொல்வது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அவசரத்தில் "பையன்" என்று சொல்லிவிட்டோம். ஊருக்கெல்லாம் இனிப்பு கொடுத்தார்கள். நாலாம் நாள் பரிசோதனை முடிவு வேறாக வந்தது. அந்தத் தகப்பனார் முகத்தை நான் மறக்கவில்லை. "குழந்தை நல்லா இருக்கு, ஆணா பெண்ணான்னு சொல்லச் சில டெஸ்ட் எடுக்கணும்" என்றாலே போதும். பிறப்பைப் பதிய 21 நாள் இருக்கிறது. பெயரைப் பிறகுகூடச் சேர்க்கலாம்.

அடுத்தது உயிரோடு விளையாடும் தவறு. ஊரார் என்ன சொல்வார்களோ என்று குழந்தையை அவசரமாக வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இப்படிப் பிறக்கும் சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் பிறவிக் குறை இருக்கும். உடம்புக்கு அவசியமான கார்டிசோல் என்ற ஹார்மோன் சரியாகச் சுரக்காது, பலருக்கு உடம்பில் உப்பும் தங்காது. முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் வாந்தி வரும், பால் குடிக்காது, எடை இறங்கும். வீட்டில் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார்கள். அதற்குள் சோடியம் குறைந்து, பொட்டாசியம் ஏறி, குழந்தை மயங்கிவிடும். நேரத்தோடு கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால் நன்றாக வளரும். இதே குறை உள்ள ஆண் குழந்தைக்கு உறுப்பில் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதால், அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

அப்புறம் ஆபரேஷன். "சின்னதிலேயே சரி பண்ணிட்டா பிள்ளைக்கு ஞாபகம் இருக்காது" என்று பெரியவர்கள் பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் தழும்பு, உணர்ச்சி இழப்பு, திரும்பத் திரும்ப அறுவை, சிலருக்குப் பிள்ளைப்பேறே இல்லாமல் போவது எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைதான் சுமக்கிறது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஊடுபால் குழந்தைகளுக்கு இப்படி ஆபரேஷன் செய்வதைத் தடுக்கச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. சிறுநீர் போக வழி அடைத்திருந்தால் அதைத் திறப்பது வேறு, பார்வைக்கு ஆணாகவோ பெண்ணாகவோ தெரிய வெட்டுவது வேறு.

ஊடுபாலினரையும், பிறந்தபோது குறித்த பாலுக்கு மாறாகத் தன்னை உணரும் திருநரையும் ஒன்றாக்குவதும் தவறு. ஊடுபால் என்பது குரோமோசோம், சுரப்பி, உறுப்பு பற்றியது. தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ உணர்வது தனி. ஊடுபாலினரில் பலர் சாதாரணமாகப் பெண்ணாகவோ ஆணாகவோ வாழ்கிறவர்கள். வழக்கமாக ஆண்களுக்கு இருக்கும் எக்ஸ் ஒய் குரோமோசோம் இருந்தும் ஆண் ஹார்மோனை உடம்பு ஏற்காத பெண்களுக்கு, மாதவிடாய் வரவில்லை என்று டாக்டரிடம் போகும்போதுதான் விஷயமே தெரியவரும். அவர்களைப் பார்த்து "நீ பெண்ணே இல்லை" என்பது அநியாயம். புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று அதைப் பறித்தார்கள். பெண்ணாகவே வளர்ந்தவரின் உடம்பு செய்திகளில் பேசுபொருளானதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

கைக்குழந்தையை "அது" என்பது நம் வழக்கம், சரி. வளர்ந்த ஆளை அப்படிச் சொல்லாதீர்கள். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்குத் தனி விகுதி இல்லை, உயர்திணை விகுதியே பொருந்தும் என்று தொல்காப்பியரே இலக்கணம் சொல்லிவிட்டார்.

எங்களைப் போன்றவர்களுக்கும் ஒன்று. ஒருநாள் மாணவர்களும் டாக்டர்களுமாகப் பத்துப் பேர் சுற்றி நின்று குழந்தையின் துணியை விலக்கிப் பார்த்தார்கள். அந்தத் தாய் என்னிடம் கேட்டது "பால் கொடுக்கலாமா?" என்று மட்டும்தான். அவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்து மூடினேன். இன்னும் முன்னாடியே மூடியிருக்க வேண்டும்.