தனிமையை அளக்கும் வினாத்தாள் தயாரிப்பது எப்படி?

உளவியல் படிக்கிற பலர் எடுத்த எடுப்பில் கேள்வி எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். எதை அளக்கப் போகிறோம் என்பதுதான் முதல் வேலை. தனியாக இருப்பது வேறு, தனிமையில் வாடுவது வேறு. மகன் பெங்களூரில் இருக்க, காட்பாடியில் ஒண்டியாக வாழும் அம்மா நிம்மதியாக இருக்கலாம். குடியாத்தத்தில் கூட்டுக் குடும்பத்து மருமகள் ஏங்கிக் கிடக்கலாம். அமெரிக்க சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973-இல் இதை இரண்டாகப் பிரித்தார்: மனதுக்கு நெருக்கமான ஆள் இல்லாத குறை, பழகுவதற்கு நாலு பேர் இல்லாத குறை. கணவர் பட்டாளத்தில் இருக்கும் பெண்ணுக்கு முதல் குறை மட்டும் இருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனியாகக் கேள்வி வேண்டும்.

அடுத்து, மக்களோடு பேசுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். "சாப்பிட்டியான்னு கேக்க ஆளில்ல" என்று ஒருவர் சொன்னால், அதுவே நல்ல கேள்விக்கு விதை. "நீங்கள் தனிமையாக உணர்கிறீர்களா?" என்று நேராகக் கேட்டால் பலர் கௌரவத்துக்காக இல்லை என்பார்கள்.

இருபது கேள்வி வேண்டுமென்றால் குறைந்தது நாற்பது எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் "ஒருபோதும் இல்லை" (1) முதல் "எப்போதும்" (4) வரை நான்கு விடை வையுங்கள். "உறவும் நட்பும் எனக்குத் துணை" என்பது ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்வி, பிரித்துவிடுங்கள். "யாரும் என்னிடம் பேசுவதில்லை" என்பதற்கு "ஒருபோதும் இல்லை" என்று பதில் வந்தால், பேசுகிறார்களா, இல்லையா? குழப்பம்தான். "என்னிடம் மனம்விட்டுப் பேச ஆள் இருக்கிறது" என்று மாற்றி எழுதி, மதிப்பெண்ணைத் திருப்பிப் போடுங்கள்: 1 என்பது 4 ஆகும். தனிமையை அளக்கப் பரவலாகப் பயன்படும் யூசிஎல்ஏ அளவுகோலின், 1996-இல் வந்த மூன்றாம் வடிவமும் இருபது கேள்வி, நான்கு விடைதான். மொத்தம் 20 முதல் 80 வரை.

அப்புறம் துறை வல்லுநர்களிடம் காட்டுங்கள். சிலரிடம் வாசித்து, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே கேளுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவருக்கு நீங்கள் படித்துச் சொல்லும்போது வீட்டார் பக்கத்தில் இருக்கவே கூடாது. மாமியார் கூடத்தில் இருந்தால் மருமகளின் பதில் மாறிவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். கேள்விக்குப் பத்துப் பேர் வீதம் விடை வாங்குங்கள். மற்றக் கேள்விகளின் மொத்தத்தோடு ஒட்டுறவு (correlation) 0.30-க்குக் குறைவாக உள்ள கேள்வியை நீக்கலாம். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.70-ஐத் தாண்ட வேண்டும், 0.95-ஐயும் தாண்டினால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களோ என்று பாருங்கள். இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கேட்டு, மதிப்பெண் அதிகம் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்காமல் யாரிடமும் விடை வாங்காதீர்கள். பேசும்போது யாராவது உடைந்துபோனால் வினாத்தாளை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ எழுதிக் கொடுங்கள்.