நடுக்கடலில் இன்ஜின் நின்றால் செய்யக்கூடாதவை

பழையாறிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ கிளம்பிய படகில் இன்ஜின் நின்றுவிட்டால், உடனே எல்லாரும் ஸ்பேனரைத் தேடுகிறார்கள். முதலில் தேட வேண்டியது நங்கூரம். கொண்டல் காற்றில் நின்ற படகு கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே போகும். முகத்துவாரத்து மணல்திட்டில் அலை உடைகிற இடத்துக்குப் போய்விட்டால் அப்புறம் ரிப்பேருக்கு வழியே இல்லை. கயிறு எட்டுகிற ஆழமென்றால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு இன்ஜினைப் பாருங்கள்.

இன்னொன்று, செல்ஃபை விடாமல் அடிப்பது. பத்து விநாடி அடித்துப் பிடிக்காவிட்டால் சற்று ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறும், பேட்டரியும் இறங்கிவிடும்.

அந்த இடைவெளியில், இன்ஜின் எப்படி நின்றது என்று யோசியுங்கள். பட்டென்று நின்றிருந்தால் புரொப்பெல்லரில் வலையோ கயிறோ சுற்றியிருக்கலாம். வேகம் ஏறி இறங்கித் திணறி நின்றிருந்தால் பெரும்பாலும் டீசல் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

துறைமுகத்துக்குள் நன்றாக ஓடிய இன்ஜின் முகத்துவாரத்தைத் தாண்டும்போது நிற்பதற்கும் காரணம் உண்டு. டேங்கின் அடியில் தண்ணீரும் கசடும் தங்கியிருக்கும். அலையில் படகு குலுங்கும்போது அவை கலங்கி ஃபில்டரை அடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகை 61 நாள் கட்டிப்போடுகிறோம். டேங்கைப் பாதி காலியாக விட்டால், உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் இரவில் தண்ணீராகப் படியும். டேங்கை நிரப்பி வைப்பதும், கடலுக்குப் போகும் முன் அடித்தண்ணீரை வடிப்பதும் பெரிய வேலையில்லை. செய்யாமல் விடுவதுதான் எனக்கு வருத்தம்.

ஃபில்டரை மாற்றியதும் லைனில் காற்று புகுந்துவிடும். அதை வெளியேற்ற, நேராக நாசில் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) பைப் நட்டைக் கழற்றுகிறவர்கள் அதிகம். வரிசை டேங்கிலிருந்து தொடங்க வேண்டும். டேங்க் வால்வு திறந்திருக்கிறதா, ஓஸ் கிளிப் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்து மூடுங்கள். அடுத்து, நாசிலுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் இன்ஜெக்‌ஷன் பம்பிலும் இதேபோல் காற்றை எடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால்தான் நாசில் நட்டு. அந்த நேரத்தில் அங்கே கையை நீட்டவே கூடாது. அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இன்ஜின் சூடேறுவதற்கு நம் ஆற்றுவாய்களில் தனிக் காரணம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் வண்டலும் ஆகாயத்தாமரையும் வந்து, கடல்நீர் இழுக்கும் வாயை அடைத்துக்கொள்ளும். சைலன்சர் வழியாகத் தண்ணீர் வெளியேறும் இன்ஜினில் அந்தத் தண்ணீர் நின்றால் உடனே நிறுத்துங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். ஆறுவதற்குள் இன்ஜினின் தண்ணீர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். ஆறிய பிறகு அடைப்பை எடுத்து, கடல்நீர் பம்புக்குள் சுழலும் இம்பெல்லரையும் பாருங்கள். தண்ணீரில்லாமல் சிறிது நேரம் ஓடினாலே அதன் ரப்பர் இதழ்கள் கிழியும். புதியதை மாட்டினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். உடைந்த துண்டுகள் உள்ளே குழாயில் சிக்கியிருந்தால் மறுபடியும் சூடேறும்.

கரும்புகை என்றால் சுமை அதிகம் அல்லது காற்று போதவில்லை. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. அதற்கு மேல் ஸ்டார்ட் செய்யாமல், பக்கத்துப் படகைக் கூப்பிட்டு இழுத்துவரச் சொல்லுங்கள்.