கடவுள் உண்டா, இல்லையா: அறிவியலை இழுக்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரிக் கரைக்கு இந்தச் சண்டை புதிதல்ல. சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடிய திருவாரூருக்குப் பக்கத்தில், விடயபுரத்தில்தான் 1967-இல் பெரியார் ‘கடவுள் இல்லை’ வாசகத்தை அறிவித்தார். இப்போது இரண்டு தரப்பும் அறிவியலைச் சாட்சிக்கு இழுக்கின்றன. அது எதற்குச் சாட்சி சொல்லும், எதற்குச் சொல்லாது என்று பார்ப்பதில்லை.

முதலில் பக்தர்கள் பக்கம். திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்றுபோகின்றன, நாசாவே வியந்துவிட்டது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்குச் சுமார் 7.5 கிலோமீட்டர் ஓடுகிறது. காரைக்காலுக்கு மேலே இருப்பது பத்து நொடியில் தஞ்சாவூருக்கு மேலே போய்விடும். அந்த வேகம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. மூன்று நொடி நின்றால் பழைய பாதையில் அது தொடரவே முடியாது. டிவிக்கான செயற்கைக்கோள்களோ நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்பவை, திருநள்ளாற்றின் உச்சிக்கு வருவதே இல்லை. செய்தி பொய், அவ்வளவுதான். தன் சாமிக்கு நாசாவிடம் சான்றிதழ் கேட்டுப் போகிறவர், நாசா கையை விரித்தால் என்ன செய்வார்?

சரி, இதைப் பொய் என்று காட்டியவர் உடனே “பார்த்தீர்களா, கடவுள் இல்லை” என்று முடித்தால் அதுவும் தவறு. விழுந்தது செயற்கைக்கோள் கதை மட்டுமே. தலையில் எண்ணெய் வைத்து நளதீர்த்தத்தில் முழுகி எழுகிறவர் அந்தக் கதையை நம்பி வந்தவரல்ல.

அப்படியென்றால் அறிவியலுக்கு இதில் வேலையே இல்லையா? உண்டு. இன்னது செய்தால் இன்னது நடக்கும் என்று சொல்லப்படும் எதையும் சோதித்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் இதய பைபாஸ் செய்துகொண்ட 1,800-க்கும் மேற்பட்டவர்களை மூன்று குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. பிரார்த்தனை நடப்பது உறுதியாகத் தெரியாமலே அதைப் பெற்றவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. பெறாதவர்களில் 51 சதவீதம். உங்களுக்காகப் பிரார்த்திக்கிறோம் என்று சொல்லப்பட்டவர்களுக்கோ 59 சதவீதம்! முகம் தெரியாதவர்கள் செய்யும் பிரார்த்தனையால் பலன் தெரியவில்லை என்று இதிலிருந்து தாராளமாகச் சொல்லலாம். கடவுளைப் பற்றிச் சொல்ல இது போதாது. அவரவர் வீட்டார் தனியாகச் செய்த பிரார்த்தனையை யாராலும் தடுக்க முடியவில்லை. நம் பக்கம் இப்படி ஒரு ஆய்வு வைத்தால் நிலைமை இன்னும் மோசம். ஆபரேஷன் தேதி குறித்த அன்றே வைத்தீஸ்வரன் கோயிலுக்கு என்று மஞ்சள் துணியில் காசு முடிந்துவைக்கும் வீடுகள் இங்கே. பிரார்த்தனை இல்லாத குழுவுக்கு ஆள் தேடுவதற்குள் ஆய்வாளர் களைத்துவிடுவார்.

அப்புறம், ‘பெரிய மேதையே நம்பினார்’ என்ற வாதம். கும்பகோணம் ராமானுஜன் பெயர் இதில் அடிக்கடி அடிபடும். நாமகிரித் தாயார் அருளால்தான் சூத்திரங்கள் கிடைத்தன என்று அவர் சொன்னது உண்மை. அவரோடு சேர்ந்து 1918-இல் எண் பிரிவினைகளுக்கான (ஒரு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதற்கான) சூத்திரத்தை வெளியிட்ட இங்கிலாந்துக் கணிதர் ஹார்டி நாத்திகர் என்பதும் உண்மை. அந்தச் சூத்திரத்தைச் சரிபார்க்க, மக்மகோன் என்ற கணிதர் 200 வரைக்கும் கையாலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார். தாயாரைக் கும்பிட்டாலும் கும்பிடாவிட்டாலும் விடை ஒன்றுதான். ஹார்டியின் நாத்திகத்துக்கும் அந்தக் கணக்கு ஆதாரம் ஆகாது.

அறிவியல் இன்னும் விளக்காத இடத்தில் கடவுளை உட்காரவைப்பதும் வேண்டாம். பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட லெமைத்ர் ஒரு பாதிரியார். 1951-இல் போப்பாண்டவர் அந்தக் கொள்கையைப் படைப்புக்கு ஆதாரமாகப் பேசியபோது லெமைத்ருக்கே அது பிடிக்கவில்லை.

தோதானதை மட்டும் எண்ணுவது இன்னொரு தவறு. 2004 சுனாமியில் வேளாங்கண்ணிப் பேராலயம் தப்பியதை அற்புதம் என்பவர்கள், அதே கடற்கரையில் போன உயிர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதைச் சேர்த்துக் காட்டிக் கடவுளை மறுப்பவரும் அறிவியலின் பெயரில் பேச வேண்டியதில்லை. சுமத்ரா அருகே கடலடி நிலம் நழுவியதால் அலை எழுந்தது என்பதோடு அறிவியலின் பதில் முடிகிறது. கருணையுள்ள கடவுள் இதை விட்டுவைப்பாரா என்பது தத்துவக் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட.

தத்துவத்தில் இந்த வழக்கு ஏற்கெனவே முறையாக நடந்திருக்கிறது. தருமபுரம், திருவாவடுதுறை ஆதீனங்கள் போற்றும் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் முதல் சூத்திரமே ஒரு அனுமானம்தான், அதாவது கண்டதை வைத்துக் காணாததை நிறுவும் வாதம்: உலகம் தோன்றி, நின்று, அழிகிறது, ஆகவே அதற்கு ஒரு கருத்தா, அதாவது அதைச் செய்பவன், உண்டு. பொருள்கள் தம் இயல்பிலேயே தோன்றி மறைகின்றன என்பது கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்கும் உலகாயதரின் மறுப்பு. எனக்கு அந்த மறுப்பில் பலம் தெரிகிறது. வயலில் ஒவ்வொரு பயிரும் முளைத்து அழிகிறது, அதற்காக நிலமும் ஒருநாள் முளைத்ததாகிவிடுமா? இப்படிக் கேட்டால், “இந்த நிலமே காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டல்தானே” என்று சித்தாந்தம் படித்தவர் மடக்குவார். வண்டலுக்கு முன்னால் என்ன என்று நான் கேட்க வேண்டியிருக்கும்.